கடைசிப் பதினேழு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த முன்கூடத்தில் இருந்தவர்கள்:

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் வீரப்பன், அவர் மனைவி வடிவம்மாள், மகன் மகேன்.

பெண் வீட்டில் ஜெயா, மகள் ரூபினி, மகன் லிங்கேஸ்வரன், கொழுந்தன் சுகுமாரன்.

அலமாரி மேல் ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த ரூபினியின் கைப்பேசி. பேச்சு நடப்பதை ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அவள்தான் பதிவு போட்டு வைத்தாள். அதையும் இருந்தவர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பழனியப்பன். பெண்ணைப் பெற்ற அப்பா. அவரை யாரும் எண்ணவில்லை. அதனால்தான் கடைசியில் வருகிறார்.

கல்யாணப் பேச்சு நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆவணி கடைசி முகூர்த்தம், ரிங்லெட் மண்டபம், எல்லாம் ஒத்து வந்தது. ஒரே ஓர் இடத்தில்தான் தடங்கல். வீரப்பன் பழனியப்பன் பக்கம் திரும்பி, "தேதி உங்களுக்குச் சம்மதந்தானே சம்பந்தி?" என்று கேட்டார். பழனியப்பன் கூரை அதிரும்படி, "போன வாரம் மூணு நாளு மிஷின் படுத்துக்கிச்சு!" என்றார்.

மகேன் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தான். வடிவம்மாள் முந்தானையால் வாயை மூடினாள். லிங்கேஸ்வரனுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தது.

எஸ்டேட் தொழிற்சாலையின் ரோலிங் ரூமில், தேயிலைக் கொழுந்தைப் பிசையும் இயந்திரங்களுக்கு நடுவில், பழனியப்பனுக்கு முப்பது வருடம் போயிற்று. காது போய்ப் பதினோரு வருடம். காது போன அந்த வருடமே காய்ச்சலோடு குளிக்கப் போனவர் உள்ளே மயங்கி விழுந்தார். வெளியிலிருந்து எவ்வளவு தட்டியும் பதில் இல்லை. கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். அன்றிலிருந்து, எஸ்டேட் கொடுத்த அந்த லைன் வீட்டில் எந்தக் கதவுக்கும் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. தட்டினால் கேட்காத மனிதர் இருக்கும் வீட்டில் அதுதான் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை யாரும் வழக்கம் என்று சொல்லிக்கொண்டதில்லை. எதைப் பேசுவதானாலும் அவர் எதிரிலேயே பேசுவார்கள். குரலைக்கூடத் தாழ்த்துவதில்லை.

*

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு லிங்கேஸ்வரனின் கைப்பேசி மினுங்கியது. 'முடிந்தது. அனுப்பப்பட்டது. நீளம்: 63 நிமிடம்.'

அவன் அப்போது படுக்கையில்தான் இருந்தான். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவன். ஈப்போவில் ஒரு பார்சல் கிடங்கில் இராத்திரி ஷிப்ட் பார்த்து, அதையும் விட்டு மலைக்குத் திரும்பியவன். தூக்கம் இன்னும் அந்த ஷிப்டிலேயே நின்றுவிட்டது. இப்போது அவனுக்கு இருக்கும் பிழைப்பு, வீடியோவுக்கு எழுத்துப் போடுவது.

அதற்குப் படிப்பு வேண்டாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். திரையில் பெட்டிகள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் போதும். முதல் பெட்டி ஒரு கோப்புறையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதில் வீடியோ விழுந்ததும் இரண்டாம் பெட்டி சத்தத்தைப் பிரித்தெடுக்கும். மூன்றாவது பேச்சை எழுத்தாக்கும். நான்காவது அதை வரி வரியாக வெட்டும். ஐந்தாவது வீடியோவின் அடியில் ஒட்டும். ஆறாவது உரியவருக்கு அனுப்பும். ஆள் தூங்கினாலும் வேலை நடக்கும்.

இதை அவன் முதலில் செய்தது அப்பாவுக்காகத்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். உறவுக்காரர்கள் அனுப்பும் வீடியோக்களை அப்பா சத்தமில்லாமல் பார்த்துச் சும்மா சிரிப்பார். எழுத்து வந்த முதல் நாள், பினாங்கு அத்தை பேசியதை நான்கு தடவை போட்டுப் பார்த்தார். பிறகுதான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பயிற்சி வீடியோக்களைக் கொடுத்தார். திரிங்காப் தோட்டங்களும் வந்தன. வீரப்பன் குடும்பத்துச் சம்பந்தமே அந்த வழியில் வந்ததுதான்.

எல்லோரிடமும் அவன் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தான். "மிஷின் செஞ்சாலும் நான் ஒரு தடவ முழுசா பார்ப்பேன். நான் பார்த்து ஓகே குடுத்தாத்தான் வெளிய போகும்."

அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். மூன்று வாரத்துக்கு முன் அதை அவன் எடுத்துவிட்டான். ஒவ்வொரு வீடியோவையும் உட்கார்ந்து பார்க்கச் சலிப்பாக இருந்தது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அறுபத்து மூன்று நிமிடம். அவன் எழுந்து உட்கார்ந்தான். மாப்பிள்ளை வீட்டார் இருந்தது முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தானே?

ரூபினிக்குப் போன் அடித்தான். அவள் ரிங்லெட்டில் நாற்றுப் பண்ணையில் கணக்கெழுதுகிறாள்.

"நேத்து வீடியோவ நீயா கோப்புறையில போட்ட?"

"ஆமாண்ணே. காலையில போட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன். அப்பாதான் கேட்டாரு. நேத்து என்ன பேசினாங்கன்னு ஒண்ணும் புரியலம்மா, எழுத்து போட்டு அனுப்புன்னாரு. பாவமா இருந்திச்சு லா."

"கடைசிய வெட்டினியா?"

"எந்தக் கடைசி?"

அந்தப் பக்கம் டிராக்டர் ஒன்று போகும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஐயோ. அவங்க போன பொறவு நாம பேசினதா? போனை நான் நிறுத்தவே இல்லியா?"

"இல்ல."

"ஆனா நீ பார்த்துட்டுத்தானண்ணே அனுப்புவ?"

அவன் அழைப்பைத் துண்டித்தான்.

மடிக்கணினியைத் திறந்து எழுத்துக் கோப்பைப் பார்த்தான். அந்த மிஷினுக்கு எஸ்டேட் தமிழ் அரைகுறைதான். பரிசத்தைப் பரிசு என்று எழுதியிருந்தது. திரிங்காப் ஊரைத் திருப்பம் ஆக்கியிருந்தது. சுகுமாரன் சித்தப்பா பேசியதில் பாதி குப்பை. இதையும் கண்டபடி எழுதியிருக்கும் என்று நம்பிக்கொண்டே கீழே இறங்கினான்.

நாற்பத்தொன்பதாவது நிமிடம். அவன் குரல். அலமாரிக்குப் பக்கத்தில் நின்றதால் தெளிவாக விழுந்திருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அவன் கொச்சையாகப் பேசியதைப் புத்தகத் தமிழாகத் திருத்தி வேறு வைத்திருந்தது.

'மண்டபத்தில் அப்பாவை மணவறையில் உட்கார வைத்தால் நம் மானம் போய்விடும்.'

'ஐயர் சொல்வது கேட்காது. அவர் பாட்டுக்குக் கத்துவார்.'

'சித்தப்பாவும் சின்னம்மாவும் தாரை வார்க்கட்டும். ராசி சரியில்லை என்று ஐயர் சொன்னதாக அப்பாவிடம் சொல்லிவிடலாம்.'

'அவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.'

அடுத்த வரி ஜெயாவுடையது. 'சரி, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.' சித்தப்பாவின் குரல் ஏதோ முனகியது. ரூபினி சேலையின் ஊசியைக் கழற்றிக்கொண்டே நின்றிருந்தாள். அவள் பெயரில் ஒரு வரியும் இல்லை.

வீடியோவையும் ஓட்டிப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவன் அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது, அப்பா முறுக்குத் தட்டை அவனிடம் நீட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறார். அவன் அவர் முகத்தைப் பார்க்காமலே ஒன்றை எடுத்துக் கடிக்கிறான்.

நேற்றுக் கொதித்த அதே காது மடல் இப்போதும் கொதித்தது. நேற்று அப்பாவை நினைத்து. இன்றைக்கு யாரை நினைத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

*

மோட்டார் சைக்கிளை எடுத்தான். தொழிற்சாலைக்கு ஆறு நிமிடம். ஒன்பதே முக்காலிலிருந்து பத்தேகால் வரை டீ பிரேக்.

பின்கட்டில், விறகு அடுக்கியிருக்கும் பக்கம், பழனியப்பன் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்திருந்தார். கையில் கைப்பேசி. மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாடா தம்பி! இதப் பாரு, இப்பதான் புரியிது!" அவர் குரலுக்கு விறகடுக்கின் மேல் இருந்த பூனை இறங்கி ஓடியது. "வீரப்பன் தேதியக் கேட்டிருக்காரு. நான் மிஷினப் பத்திச் சொல்லியிருக்கேன்! சரியான கூத்து! ஏன்டா நீயாவது காலால ஒரு இடி இடிக்கக் கூடாது?"

தன் முட்டாள்தனத்தைத் தானே பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திரையின் மூலையில் இருபத்திரண்டாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் இருபத்தேழு நிமிடம் இருக்கிறது என்று லிங்கேஸ்வரன் கணக்குப் போட்டான். சொல்வதானால் இதுதான் நேரம். அப்பா, நேத்து நான் ஒரு வார்த்தை பேசிட்டேன் என்று தொடங்கினால் போதும். அவன் கையை நீட்டினான்.

"போனைக் குடுங்கப்பா. ஒண்ணு பார்க்கணும்."

"இரு இரு. மகேன் ஏதோ சொல்றாரு." கையை உயர்த்தித் தடுத்தார். சங்கு ஊதியது. அவருக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் எழுவதைக் கண்டு அவரும் எழுந்தார். "மீதிய மத்தியானம் பார்த்துக்கிறேன். நீ சாப்பிட்டியா? கண்ணு ஏன் செவந்திருக்கு?"

லிங்கேஸ்வரன் தலையாட்டினான். எதற்கு ஆமாம் என்றான் என்று அவனுக்கே தெரியாது.

இயந்திரங்களுக்குப் பக்கத்தில் கைப்பேசி கூடாது. வாசலில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கிறது. எல்லோரும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பூட்டு இல்லை. அந்த எஸ்டேட்டில் அதை யாரும் தொட்டதும் இல்லை.

அப்பா உள்ளே போகும்வரை அவன் கதவோரம் நின்றான். இயந்திரங்களின் இரைச்சலில் பல் கூசியது. அந்த மூலையில் ஃபிட்டர் புனிதன், இந்த மூலையில் பழனியப்பன். நடுவில் நாற்பது அடி, நான்கு ராட்சச இயந்திரம். புனிதன் இடுப்பில் கைவைத்து உதட்டை அசைத்தார். பழனியப்பனும் பதிலுக்கு உதட்டை அசைத்தார். இருவரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த சின்ன வயதிலிருந்து லிங்கேஸ்வரன் பார்க்கும் காட்சி அது. இதற்கு மேல் அதைப் பற்றி அவன் யோசித்ததே கிடையாது.

டின்னுக்குள் கையை விட்டான்.

அப்பாவின் கைப்பேசியைத் திறக்கும் எண் அவனுடைய பிறந்த தேதி. அவன்தான் வைத்துக் கொடுத்தான். திறந்தான். வீடியோவை அழித்தான். அழித்தவை போய்ச் சேரும் இடத்துக்கும் போய் அங்கேயும் அழித்தான். வந்திருந்த செய்தியையும் நீக்கினான். தன் கோப்புறையில் இருந்த மூலத்தையும் விடவில்லை.

நிமிர்ந்தபோது புனிதன் வாசலில் எண்ணெய்த் துணியோடு நின்றார்.

"அப்பா போன்தானே அது?"

"ஆமாண்ணே. அப்டேட் போட்டேன்."

"ஓ." புனிதன் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். "காலையிலேர்ந்து உன் பேச்சுத்தான். என் மகன் எனக்கு எழுத்து போட்டுத் தர்றான்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தாரு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, எடுத்துப் போட்ட அந்தச் சரிபார்க்கும் பெட்டியைத் திரும்ப வைத்தான். இனிமேல் அவன் பார்த்து அமுக்கினால்தான் போகும். கோடு இழுத்து முடித்ததும் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி. ஒரு மணி நேரம் தூங்கிவிட்டான்.

*

மாலை ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஜெயா எஸ்டேட் டீக்கடைச் சமையலறையிலிருந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ரூபினி வந்ததும் வராததுமாக அண்ணனைப் பார்த்தாள். அவன் கையை விரித்து, ஒன்றுமில்லை, முடிந்துவிட்டது என்று காட்டினான். அவள் பெருமூச்சு விட்டுப் பையை இறக்கினாள்.

பழனியப்பன் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் டிவி ஓடும். இன்றைக்கு ஓடவில்லை.

"தம்பி. மத்தியானம் மீதியப் பார்க்கலாம்னு எடுத்தேன். காணோம்."

லிங்கேஸ்வரன் அவருக்கு எதிரில் குனிந்தான். வழக்கம்போல வாயை அகலத் திறந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "கெட்டுப் போச்சுப்பா. வீடியோ, கெட்டுப் போச்சு. நாளைக்கு, திரும்ப, அனுப்புறேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"நாப்பத்தாறு நிமிஷமா? அறுபத்து மூணா?"

ஜெயா துவட்டும் துண்டைக் கீழே இறக்கினாள்.

"மூலையில நீளம் போட்டிருந்திச்சே, பார்த்தேன். அவங்க கெளம்பினது நாப்பத்தாறுல, நேத்தே கடிகாரத்தப் பார்த்தேன்." பழனியப்பன் இப்போது கத்தவில்லை. காது போனதிலிருந்து அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. "வாய அவ்ளோ பெருசா தெறக்காதடா. அசிங்கமா இருக்கு. ரோலிங் ரூம்ல முப்பது வருஷம். அங்க எவனுக்கும் எவன் பேசுறதும் காதுல விழாது. வாயப் பார்த்துத்தான் வேலையே நடக்குது. நாப்பது அடியில புனிதன் முணுமுணுத்தாக்கூட எனக்குப் புரியும். நீங்க மூணு அடியில நின்னு பேசுறீங்க."

"அப்புறம் ஏன்பா வீரப்பன் மாமா கேட்டது..." ரூபினி முடிக்கவில்லை.

"அவருக்கு மீசை வாய மூடியிருக்கும்மா."

வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள்.

ஜெயா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னங்க... இத்தன வருஷமா எல்லாமே தெரியுமா உங்களுக்கு?"

"எல்லாம் இல்ல. திரும்பி நின்னு பேசினா தெரியாது. யாரு திரும்பி நின்னீங்க?" அவர் அணைந்திருந்த டிவியைக் காட்டினார். "எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு ஒரு வீட்ல இருக்க முடியுமா ஜெயா? அதான் அதப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

லிங்கேஸ்வரன் வாயைத் திறந்தான். என்ன வடிவத்தில் அசைப்பது என்று தெரியாமல் மூடினான்.

"நேத்து முறுக்கு நீட்டிக்கிட்டு நின்னேன்," என்றார் பழனியப்பன். "உன் வாயப் பார்த்தேன். சே, இருக்காது, நான்தான் தப்பா பார்த்துட்டேன்னு நெனச்சேன். வேற என்னமோ சொல்லியிருப்பான். இராத்திரி பூரா வேற என்ன சொல்லியிருக்கலாம்னு யோசிச்சேன். ஒண்ணும் பொருந்தி வரல. சரி, மிஷின் எழுதட்டும், மிஷினுக்கு என் மேல கோவமா பாசமான்னுதான் பாப்பாகிட்ட கேட்டேன்."

"அப்பா, நான்..."

"மிஷின் என்ன எழுதிச்சுன்னு நான் பார்க்கலடா. இருபத்திரண்டு நிமிஷத்தோட வச்சிட்டேன். மத்தியானம் வரைக்கும் எனக்கு நம்பிக்கை இருந்திச்சு." கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீ டின்ல கைய விட்டத புனிதன் சொன்னான். வந்து அழிச்சிட்டுப் போன பாரு. அப்ப சரியாத்தான் பார்த்திருக்கேன்னு தெரிஞ்சு போச்சு."

ரூபினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தொட்டார்.

"நீ ஏம்மா அழற? நீதான் ஒண்ணும் சொல்லலியே."

அதற்கு அவள் இன்னும் அழுதாள்.

லிங்கேஸ்வரன் அவர் காலடியில் உட்கார்ந்தான். "தப்புப்பா. தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிருங்கப்பா." அவன் இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் பழனியப்பன் அவன் தலைக்கு மேலே, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாய் இருக்கும் பக்கம் அவர் கண் இறங்கவே இல்லை. அவன் கத்தியிருந்தாலும் பயன் இல்லை.

அவர் எழுந்தார்.

"தாரை வார்க்க நான் உட்காருறேனா இல்லியான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள பாப்பாகிட்ட சொல்றேன். வீரப்பன் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிக்கிறேன், அவர் மீசைய ஒதுக்கிக்கிட்டுப் பேசட்டும். அது வரைக்கும் யாரும் என்கிட்ட பேச வேணாம். பேசினாலும் நான் பார்க்க மாட்டேன்."

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள் ஜெயா அவர் முதுகுக்கு. சொன்ன பிறகுதான் முதுகுக்குச் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

பழனியப்பன் அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே கை எதையோ தேடித் தடவுவது தெரிந்தது. பதினோரு வருடமாக யாரும் தொடாத தாழ்ப்பாள், துருவைச் சுரண்டிக்கொண்டு நகர்ந்து, குழியில் போய் விழுந்தது.

அந்தச் சத்தம் மழையையும் மீறி மூன்று பேருக்கும் கேட்டது. போட்டவருக்கு மட்டும் கேட்டிருக்காது.